மூன்று மணிக் கட்டம்

பாடாலூரைத் தாண்டி, திருச்சி நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு தனியார் பால் குளிரூட்டும் நிலையம் இருந்தது. அங்கே ஒரு நாளைக்கு நாலு தடவை ஓர் எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான். கண்ணும் பேனாவும் இருந்தால் யாரும் செய்துவிடலாம். அந்த வேலைதான் அன்சாரின் குடும்ப வாழ்க்கையையே பிடித்து ஆட்டப்போகிறது என்று 2005-ஆம் வருடம் சித்திரை மாதம் யாராவது சொல்லியிருந்தால், அவனே சிரித்திருப்பான்.

பாலைக் குளிரவைக்கும் கம்ப்ரஸர் அமோனியாவில் ஓடுவது. அமோனியா கொஞ்சம் கசிந்தால் கண் எரியும். கூடினால் ஆளையே சாய்த்துவிடும். அதனால் கம்ப்ரஸர் அறைக்குள் நாலு மூலையிலும் வாயுவை மோப்பம் பிடிக்கும் கருவிகள் வைத்திருந்தார்கள். அவை சொல்வதை எண்ணாகக் காட்டும் அலாரம் பெட்டி அறைக்கு வெளியே, மேற்குச் சுவரில் இருந்தது. உள்ளே போகும் முன்பே பார்த்துக்கொள்ளட்டும் என்ற நல்ல எண்ணம்தான். எண் இருபத்தைந்தைத் தாண்டினால் சைரன் அலறும். எண்ணே தெரியாமல் போனால் பெட்டி செத்துவிட்டது என்று பொருள். பெட்டி செத்தால் சைரனும் செத்தது. உடனே கம்ப்ரஸரை நிறுத்து, ஆட்களை வெளியே அனுப்பு என்று விதி எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

காலை ஏழு, பதினொன்று, மாலை மூன்று, ஏழு என்று பதிவேட்டில் நாலு கட்டங்கள். காலை இரண்டும் ஒரு ஷிப்டுக்காரர். மாலை இரண்டும் அடுத்தவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஆள் மாறும். ஆட்கள் இருவர்தான். ஒருவன் அன்சார், இருபத்தேழு வயது, லப்பைக்குடிக்காட்டுப் பையன், டிப்ளமோ முடித்தவன், இன்னும் வேலை நிரந்தரமாகாதவன். மற்றவர் ராசாங்கம், விக்கிரமங்கலத்துக்காரர், பதினாலு வருஷ சர்வீஸ். கம்ப்ரஸரின் சத்தத்தைக் கேட்டே "இன்னிக்கு இதுக்கு உடம்பு சரியில்ல" என்று சொல்லக்கூடியவர்.

மூன்று மணி எண்ணில்தான் வில்லங்கம். மேற்கு வெயில் நேராகப் பெட்டியின் முகத்தில் அறையும். சாம்பல் நிறக் கண்ணாடிக்குள் கறுப்பாகத் தெரிய வேண்டிய எண், அந்த நேரத்தில் பளீரென்ற வெள்ளையில் கரைந்துபோகும். அன்சார் கன்னத்தைச் சுவரில் ஒட்டி, கையைக் குடையாகப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து எழுதுவான். நாலு போல இருக்கும். ஒன்பது போலவும் இருக்கும். தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வான். ஏனென்றால் ராசாங்கம் ஷிப்டில் மூன்று மணிக் கட்டம் முழுக்க, முத்து முத்தாக, நாலு நாலு நாலு என்றிருந்தது.

"என்னத்துக்கு மச்சான் கண்ண இடுக்கிக்கிட்டே இருக்கீங்க? அத்தா அனுப்புன கண்ணாடி பெட்டியில சும்மாத்தானே கெடக்குது, அதப் போட்டுட்டுப் போங்க" என்றாள் அவன் மனைவி பர்சானா.

தை மாதம்தான் நிக்காஹ் நடந்தது. பெரம்பலூரில் வாடகைக்கு வீடு பிடித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கென்று துபாயிலிருந்து மாமனார் ரஹ்மத்துல்லா அனுப்பிய சாமான்களில் ஒரு கறுப்புக் கண்ணாடியும் இருந்தது. அன்சாருக்கு அதைப் போடக் கூச்சம். லப்பைக்குடிக்காட்டில் அவன் பதினெட்டு வயதில் ஒருமுறை கறுப்புக் கண்ணாடியோடு பள்ளிவாசல் தெருவில் வந்தபோது, "பெரியவங்க முன்னாடி கண்ண மறைச்சுக்கிட்டு நிக்கிறியா?" என்று அவனுடைய அத்தா எல்லார் முன்னாலும் கேட்டது இன்னும் காதில் இருந்தது. அதன் பிறகு, எதிரே மூத்தவர் ஒருவர் வந்தால் மடித்துக் கட்டிய கைலி எப்படித் தானாக இறங்குமோ, அப்படி அவன் கை தானாகக் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடும். அவன் கழற்றுவது அவனுக்கே தெரியாது.

ஆனாலும் பெண்டாட்டி சொன்னாளே என்று போட்டுக்கொண்டு போனான்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை. மூன்று மணிக்குப் பெட்டிமுன் போய் நின்றவனுக்குப் பகீரென்றது. எண் இல்லை. கண்கூச்சம் இல்லை, வெள்ளை இல்லை. பெட்டியின் முகம் முழுக்க ஒரே கறுப்பு. அணைந்த அடுப்பு மாதிரி இருந்தது.

விதி விதிதான். ஓடிப்போய்க் கம்ப்ரஸரை நிறுத்தினான். கேன் கழுவிக்கொண்டிருந்த தனத்தையும் மற்ற பெண்களையும் "வெளிய போங்க, வெளிய போங்க" என்று விரட்டினான். மேனேஜர் பாலசுந்தரம் குடையை விரித்துக்கொண்டு வேகமாக வந்தார். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை அவர் குடையில்லாமல் அலுவலகத்தை விட்டு இறங்கமாட்டார். பெட்டிமுன் நின்று எட்டிப் பார்த்தார்.

"தெரியுதேய்யா. நாலு."

அன்சாரும் பார்த்தான். நாலுதான். சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது.

"கொஞ்சம் முன்னாடி இல்ல சார். சத்தியமா இல்ல சார்."

"இல்லாதது எங்கேருந்து வந்துச்சு?"

செவ்வாய்க்கிழமையும் அதே கதை. மூன்று மணிக்குக் கறுப்பு; நிறுத்தினான்; மேனேஜர் வந்தார்; நாலு. கம்ப்ரஸரை மறுபடி ஓட்டி, குளிர் ஏறி வருவதற்குள் ஒரு தொட்டிப் பால் திரிந்துவிட்டது. அதை ஓடையில் திறந்துவிட்டபோது, ஊரே மோர்க்குழம்பு வாசனை அடித்தது. "பாலாறு ஓட விட்ட புண்ணியவான் வர்றாரு, வழி விடுங்கடி" என்றாள் தனம்.

புதன்கிழமை மேனேஜர் கட்டளை போட்டுவிட்டார்: என்னைக் கூப்பிடாமல் நிறுத்தக் கூடாது. புதன் கூப்பிட்டான். நாலு. வியாழன் காலை திருச்சியிலிருந்து பெட்டி விற்ற கம்பெனியின் ஆள் வந்தான்; திறந்தான், துடைத்தான், உள்ளே ஓர் எலக்ட்ரானிக் அட்டையை மாற்றினான், "சூப்பரா இருக்கு சார்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போனான். அன்று மூன்று மணிக்கு மறுபடியும் கறுப்பு. மறுபடியும் குடை. மறுபடியும் நாலு. அதே பெட்டி மாலை ஏழு மணிக்கு எந்தக் குறையுமில்லாமல் எண் காட்டியது.

"பாய்," என்றார் ராசாங்கம், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர். "உங்களுக்கு மட்டும் மறைஞ்சு மறைஞ்சு வெளயாடுதே, காத்து கருப்பு எதுனா இருக்குமோ? தர்காவுக்குப் போயி ஓதிக்கிட்டு வாங்களேன்."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. எனக்கே தலை சுத்துது."

"டாக்டர்கிட்ட கண்ண காட்டு மொதல்ல" என்றார் மேனேஜர். அவர் கிண்டல் செய்யவில்லை. "பெட்டியில கோளாறு இல்லேன்னு எழுதிக் குடுத்துட்டான். அப்ப மிச்சம் நீதாம்ப்பா. கண்ணு தெரியாதவன வச்சுக்கிட்டு அமோனியாவ நான் எப்படி ஓட்டுறது? அடுத்த வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து அதிகாரி வரார். உன் கன்ஃபர்மேஷன் ஃபைல் அவர் கையிலதான் இருக்கு. கண் டாக்டர் சர்ட்டிபிகேட்டோட வா."

அன்சார் கணக்குப் போட்டுப் பார்த்தான். வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம், அது பெரிதில்லை. ஆனால் மாமனார் கையில் ஒரு விசா இருந்தது. அந்த மாதக் கடைசி வரை செல்லும். "வேல நிரந்தரமாயிட்டா இருங்க மாப்ளே. இல்லேன்னா வீம்பு பண்ணாம ஏறி வந்துருங்க" என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். பெண் பார்த்த அன்று பர்சானா தன் அக்கா மூலமாகச் சொல்லி அனுப்பிய நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை சபர், அதாவது வெளிநாட்டு வேலைக்கு, போகக் கூடாது. அவள் அத்தா இருபத்தாறு வருஷமாகத் துபாயில். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, குழந்தைகள் கூச்சம் தெளிந்து மடியில் உட்காரும் நேரத்தில் கிளம்பிப் போவார். பர்சானாவின் வீட்டில் அத்தா என்றால் பாதி ஆளும் பாதி கேசட்டில் பதிந்த குரலும்தான். அன்சார் அந்த நிபந்தனைக்குத் தலையாட்டியிருந்தான். இப்போது ஓர் எண்ணால் அந்தத் தலையாட்டல் பொய்யாகிவிடும் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை அவனுக்கு வார விடுமுறை. கண்ணைக் காட்டவென்று சனி, ஞாயிறும் லீவு போட்டிருந்தான். ஜும்ஆ முடிந்ததும் வண்டியில் பர்சானாவை ஏற்றிக்கொண்டு அரியலூருக்குக் கிளம்பினான். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த அவள் அக்கா மர்ஜியா, கைராசியான கண் டாக்டர் ஒருவரைச் சொல்லியிருந்தாள். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின.

டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்தார். எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னார். அன்சார் கடைசி வரியையும் அதற்குக் கீழே சின்னதாக இருந்த அச்சகத்தின் பெயரையும் வாசித்தான்.

"உங்களுக்கு என்ன குறைன்னு வந்தீங்க?" என்றார் டாக்டர், கொஞ்சம் கோபமாகவே.

"மூணு மணிக்கு மட்டும் கண்ணு தெரியலீங்க டாக்டர்."

டாக்டர் பர்சானாவைப் பார்த்தார். வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்பது போலிருந்தது அந்தப் பார்வை. சர்ட்டிபிகேட்டில் குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்தார்கள். அன்சார் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். மனசு ஒரு நிலையில் இல்லை. பெட்டி நன்றாக இருக்கிறது. கண்ணும் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் தன் மூளைதான் சரியில்லையோ? அதற்கு எந்த ஊரில், எந்த டாக்டர்? இந்த யோசனையிலேயே ஊர் எல்லையில் இருந்த பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினான். காக்கிச் சட்டை போட்ட ஒரு பெண் பெட்ரோல் குழாயை எடுத்தாள். சட்டையில் வெற்றிச்செல்வி என்று பெயர் குத்தியிருந்தாள்.

"ஒரு லிட்டர்மா."

"ஜீரோ பாத்துக்குங்க சார்."

அன்சார் பம்பைப் பார்த்தான். பம்பின் கண்ணாடியும் கறுப்பு. அதே கறுப்பு. அரியலூர் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்துவிட்டது.

"எங்கம்மா ஜீரோ? ஒண்ணுமே இல்லையே?"

"நல்லாப் பாருங்க சார். இந்தா, எவ்ளோ பெருசா இருக்கு."

"ஒண்ணும் இல்லேங்கிறேன்!"

"மச்சான், இருக்குது" என்றாள் பின்னாலிருந்து பர்சானா, மெதுவாக, பயந்த குரலில். "ஜீரோ இருக்குது மச்சான்."

வெற்றிச்செல்வி குழாயை இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்றாள். "சார், அந்தக் கண்ணாடியக் கழட்டிட்டுப் பாருங்க. இந்த ஃபாரின் கண்ணாடி போட்டுக்கிட்டு வர்றவங்கள்ல நாலு பேருக்கு ஒருத்தர் இப்படித்தான் என்கிட்ட சண்டைக்கு வர்றாங்க."

அன்சார் கழற்றினான். ஜீரோ. மாட்டினான். கறுப்பு. கழற்றினான். ஜீரோ.

"ஏங்க, நீங்க பாட்டுக்குப் போட்டுக் கழட்டி வெளயாடுறீங்க. பின்னாடி எத்தனை பேரு நிக்கிறாங்க பாருங்க" என்றாள் வெற்றிச்செல்வி. பின்னால் ஒரு டிராக்டர்காரர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை.

"மாட்டிக்கிட்டே தலைய ஒருக்களிச்சுப் பாருங்க மச்சான்" என்றாள் பர்சானா. அவள் திருச்சியில் இயற்பியல் படித்தவள். எங்கேயோ படித்தது இப்போதுதான் நினைவுக்கு வந்தது போல அவள் குரல் மாறியிருந்தது. அன்சார், தானியம் பார்க்கும் கோழி போலத் தலையைத் தோள்மேல் சாய்த்தான். எண் கறுப்பிலிருந்து மெல்ல எழுந்து வந்தது. நிமிர்த்தினான், மறைந்தது.

அப்புறம் வண்டியை ஓரமாகப் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு அவள் சொன்னாள். சில கறுப்புக் கண்ணாடிகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஜன்னல் கம்பிகள் மாதிரி ஓர் அமைப்பு இருக்கும். ஒரு திசையில் வரும் ஒளியை விடும், குறுக்கே வருவதை விடாது. இந்த மாதிரி எண் பலகைகளிலும் அதே கம்பிகள் உண்டு. கம்பியும் கம்பியும் குறுக்காக விழுந்தால் ஒளி வர வழியில்லை.

"அப்ப மேனேஜர் வந்ததும் மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"மேனேஜர் வரும்போது கண்ணாடி எங்க இருந்துச்சு?"

அன்சார் வாயைத் திறந்தான். அவன் கை சட்டைப் பையைத் தொட்டது. அப்படியே புளியமரத்தடியில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டான். பர்சானா சிரித்தாள்; முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அடக்கமாட்டாமல் சிரித்தாள். அவனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் திங்கட்கிழமை நினைவுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

"இதப் போயி எப்படிப் புள்ள அவர்கிட்ட சொல்றது? ஒரு தொட்டிப் பால ஓடையில விட்டிருக்கேன்."

"சொல்லித்தான் ஆவணும்" என்றாள். சிரிப்பு அவள் முகத்திலும் இல்லை.

சொன்னான். திங்கட்கிழமை ஷிப்டில் ஏறியவுடன், மேஜைமுன் நின்று, எல்லாவற்றையும். பாலசுந்தரம் முதலில் நம்பவில்லை. பிறகு மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகு பால் நினைவு வந்து முகம் சிவந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினார்.

"இதக் கேளு. இந்தக் கூலிங் கிளாஸ் கதைய யாருகிட்டயும் சொல்லாத. எனக்கும் அசிங்கம். வயர் லூஸா இருந்துச்சு, சரி பண்ணியாச்சுன்னு நான் எழுதிக்கிறேன். வியாழக்கிழமை அதிகாரி ரெஜிஸ்டரத்தான் மொதல்ல புரட்டுவார். இந்த வாரம் மூணு மணிக் கட்டம் ஒழுங்கா இருக்கணும். தெரியல, கறுப்பு, வெள்ளன்னு ஒரு வார்த்தை இருக்கக் கூடாது. நல்லபடியா முடிஞ்சா அன்னிக்கே கன்ஃபர்மேஷன் லெட்டர். புரியுதா?"

புரிந்தது. இவ்வளவு சுலபமாகப் போய்விட்டதே என்று காலே தரையில் படவில்லை அன்சாருக்கு.

மூன்று மணிக்குப் பெட்டிமுன் போய் நின்றான். கறுப்புக் கண்ணாடி வீட்டில் இருந்தது; இனி அதை இங்கே கொண்டுவருவதில்லை என்று முடிவு செய்திருந்தான். வெறும் கண்ணால் பார்த்தான்.

வெள்ளை. பளீரென்று, பாத்திரக் கடையில் வெயில் விழுந்த மாதிரி. கையைக் குடை பிடித்தான். கன்னத்தைச் சுவரில் ஒட்டினான். நாலு போல இருந்தது. ஒன்பது போல இருந்தது. முன்னால் ஒரு ஒன்று இருக்கிறதா, அது கண்ணாடியில் விழுந்த கீறலா என்று தெரியவில்லை. போட்டால் கறுப்பு, கழற்றினால் வெள்ளை. இதற்கு என்னதான் வழி? மேனேஜருக்கு மட்டும் தெரிந்ததே என்று யோசித்தான். ஆமாம், அவர் குடையோடு வந்தார். அவர் நின்ற நிழலில்தான் தனக்கும் தெரிந்தது.

"என்ன பாய், இன்னுமா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" ராசாங்கம் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு வந்தார். "நாலுன்னு போட்டுட்டு வாங்க, டீ சாப்பிடுவோம்."

"அண்ணே, உங்க ஷிப்டுல இத நீங்க எப்படிப் பாப்பீங்க?"

"எத?"

"இந்த மூணு மணி எண்ண."

ராசாங்கம் டிபன் பாக்ஸை உதறினார். "பாக்குறதா? இந்த வெயில்ல அத எவன் பாக்குறான்? பதினோரு மணிக்கும் நாலு. ஏழு மணிக்கும் நாலு. நடுவுல மட்டும் அது எங்க ஊருக்கா போயிட்டு வரப்போவுது?"

அன்சாருக்கு அந்த நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. இத்தனை நாளாகத் தன் கண்ணைச் சந்தேகப்பட்டது இந்த முத்து முத்தான நாலுகளைப் பார்த்துத்தான். ராசாங்கம் பொய்யரில்லை, யாருக்காவது மயக்கம் வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பது போலவே பட்டது. நாலாகத்தான் இருக்கும். நாலு என்று ஒரு கோடு இழுத்தால் லெட்டர் வரும், விசா காலாவதியாகும், பர்சானா பக்கத்தில் இருப்பாள். பேனாவைத் திறந்தான். கட்டத்தின்மேல் வைத்தான். உள்ளே தனம் யாரையோ திட்டிக்கொண்டே கேன் கழுவும் சத்தம் கேட்டது. எண் தெரியாதபோது விரட்டி வெளியே அனுப்பியது இந்தப் பெண்களைத்தானே? இப்போதும் தெரியவில்லையே? இன்றைக்கு மட்டும் அவர்கள் உள்ளே இருக்கலாமா?

பேனாவை மூடிவிட்டான்.

"அண்ணே, உங்க துண்டக் குடுங்க."

"எதுக்கு?"

வாங்கி, தலையிலும் பெட்டியிலுமாகச் சேர்த்துப் போட்டு மூடிக்கொண்டு உள்ளே நுழைந்தான். திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் தலையை விட்ட மாதிரி இருந்தது. ராசாங்கத்தின் வியர்வையும் மூக்குப்பொடியும் மணத்தன. இருட்டு கண்ணுக்குப் பழகியதும், சாம்பல் பலகையில், அழகாக, ஒற்றையாக, நாலு.

நாலேதான்!

வெளியே வந்து '4' என்று எழுதினான். பக்கத்தில் குறிப்புக்கென்று இருந்த இடத்தில் எழுதினான்: 'துண்டு போட்டு மூடிப் பார்த்தது. வெயிலில் வெறும் கண்ணுக்கு எண் தெரிவதில்லை.'

எட்டிப் பார்த்த ராசாங்கத்தின் முகம் மாறிவிட்டது. "யோவ், நாலுதானேய்யா? நாலுன்னு எழுதுனதோட நிறுத்த வேண்டியதுதானே? வெறுங்கண்ணுக்குத் தெரியாதுன்னு எழுதிட்டா, இத்தன வருஷமா ராசாங்கம் எந்தக் கண்ணால பாத்தான்னு கேப்பானே?"

அன்சார் அதை யோசித்திருக்கவில்லை. "உங்களப் பத்தி ஒண்ணும் எழுதலையேண்ணே."

"எழுதித்தான் கேக்கணுமா? ரிடயராவ இன்னும் மூணு வருஷம் இருக்கு எனக்கு." துண்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். அதன்பிறகு மூன்று நாள் அவர் அன்சாரிடம் பேசவில்லை. மேனேஜரும் அந்தக் குறிப்பைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு வார்த்தை இருக்கக் கூடாதுன்னு சொன்னேன். நீ ரெண்டு வாக்கியம் எழுதி வச்சிருக்க." அடுத்த இரண்டு நாளும் அன்சார் தன் சொந்தத் துண்டைக் கொண்டுபோய்ப் பார்த்து, அதே குறிப்பை எழுதினான். எழுதும்போது சரியென்று தோன்றும். எழுதி முடித்ததும் தப்போ என்று தோன்றும்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். ஒல்லியான, அதிகம் பேசாத மனிதர். பதிவேட்டைப் புரட்டினார். துண்டுக் குறிப்பில் விரல் நின்றது. நாலைந்து பக்கம் பின்னால் போனார். பிறகு இருவரையும் கூப்பிட்டார்.

"ராசாங்கம், உங்க கட்டத்துல இந்தக் குறிப்பு எதுவும் இல்லையே? நீங்க எப்படிப் பார்த்தீங்க?"

ராசாங்கம் அன்சாரைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். "நானும் துண்டு போட்டுத்தான் சார் பாத்தேன். அத எழுதணும்னு எனக்குத் தோணல."

அதிகாரி அன்சார் பக்கம் திரும்பினார். "அப்படியாப்பா?"

எது நேர்மை, எது துரோகம் என்று யாராவது துண்டு போட்டுக் காட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது அன்சாருக்கு. "அவர் ஷிப்டுல நான் இருக்க மாட்டேன் சார்" என்றான். அது உண்மைதான். முழு உண்மையா என்று அவனால் சொல்ல முடியவில்லை.

அதிகாரி மணி பார்த்தார். மூன்றாக ஐந்து நிமிடம். எழுந்து வெளியே போனார். பெட்டிமுன் நின்று கண்ணை இடுக்கினார். கையைக் குடை பிடித்தார். கன்னத்தைச் சுவரில் ஒட்டினார். அப்புறம் கையை நீட்டினார். அன்சார் துண்டைக் கொடுத்தான். ஹெட் ஆபீஸ் அதிகாரி துண்டுக்குள் தலையை விட்டு நிற்பதைக் கேன் கழுவும் பெண்கள் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

அன்று சாயங்காலமே பெட்டியை வடக்குச் சுவருக்கு மாற்ற உத்தரவாயிற்று. ராசாங்கத்தை அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அன்சாருக்குக் கொடுத்த கடிதம் மட்டும் அவன் எதிர்பார்த்தது இல்லை. கம்ப்ரஸரை நிறுத்திய இரண்டு நாளும், கொட்டிய பாலும் கணக்கில் இருந்தன. நிரந்தரம் இப்போது இல்லை. மூன்று மாதம் பார்த்து முடிவு செய்யப்படும்.

கேட் அருகே ராசாங்கம் நின்றிருந்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "மூணு மாசந்தானே பாய்" என்றார். கேட்டைத் திறந்துவிட்டு, "வண்டிய மெதுவா ஓட்டிக்கிட்டுப் போங்க" என்றார்.

மூன்று மாதம். விசாவுக்கு மீதம் இருந்தது பதினொரு நாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்து அன்சார் கடிதத்தைப் பர்சானாவிடம் நீட்டினான். இரவெல்லாம் சொல்லாமல் வைத்திருந்தான். அவள் நின்றபடியே படித்தாள்.

"நான் போயிடுறேன் புள்ள" என்றான். "ரெண்டே வருஷம். இங்க மூணு மாசம் கழிச்சு இல்லேன்னுட்டா, அதுவும் போயி இதுவும் போயிடும். ஒனக்குக் குடுத்த வாக்கு..."

போன் அடித்தது. துபாயிலும் ஜும்ஆ முடிந்து, அவள் அத்தா கூப்பிடும் நேரம். அன்சார் எழுந்தான். பர்சானா அவனுக்கு முன்னால் போய் எடுத்துவிட்டாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் அத்தா... நல்லா இருக்கேன்... அவங்களும்... இல்லத்தா, நிரந்தரம் ஆவல. மூணு மாசம் தள்ளிப் போட்டிருக்காங்க." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். சுருள் கம்பியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். "இல்லத்தா. அவங்க வரலை. அவங்க வர்றேன்னுதான் சொல்றாங்க. நான்தான் அனுப்பல. வேல போச்சுன்னா போவட்டும், நான் டியூசன் எடுக்குறேன். பசியெடுத்தா ஒங்களுக்குத்தான் போன் பண்ணுவேன்."

மறுமுனையில் என்ன சொன்னார் என்று அன்சாருக்குக் கேட்கவில்லை. "ம்" என்றாள். பிறகு இன்னொரு "ம்." போனை வைத்தாள்.

"மாமா என்ன சொன்னாங்க? கோவமா?"

"கோவம் இல்ல. விசாவ பெரியம்மா மவன் நசீருக்குக் கொடுத்துருவாங்களாம்."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னாங்க." அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவும் ஒருநாள் இப்படி, நான் அனுப்பலன்னு சொல்லியிருக்கலாம்னு சொன்னாங்க."

அவள் முதுகு லேசாகக் குலுங்கியது. அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று அன்சாருக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடம் யோசித்து நின்றான். பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்க்கப் போனான்.